கார்ட்டூன் தொடர் ஒன்று கலையாக நிற்கிறதா என்று பார்ப்பது எப்படி: எட்டுப் படிகளில் முழுமையான வழிகாட்டி

மாங்குளம்–முல்லைத்தீவு வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே இருக்கிறது எங்கள் ஊர். சனிக்கிழமை பின்னேரங்களில் வாசிகசாலையில் பிள்ளைகளோடு இருந்து கார்ட்டூன் தொடர்கள் பார்க்கிறோம். பார்த்து முடிந்ததும் கலைந்து போவதில்லை. "இது ஏன் நல்லாயிருக்கு?" என்ற கேள்விக்கு ஏதாவது பதில் வரும்வரை இருப்போம். பதில் தேடத் தொடங்குகிறவர்கள் பத்து வயதுப் பிள்ளையானாலும் படிப்பிக்கிற ரீச்சரானாலும் கிட்டத்தட்ட ஒரே இடங்களில்தான் தடக்குப்படுகிறார்கள். அந்த இடங்களைப் பார்த்துப் பார்த்து ஒழுங்கு செய்த படிகள் இவை. வரிசையை மாற்றாதீர்கள். ஏன் இந்த வரிசை என்பதை அந்தந்தப் படியில் சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். நடிகர்களை வைத்து எடுக்கும் படத்தில் காற்றடித்தால் மரம் தானாக ஆடும். கார்ட்டூனில் யாராவது ஆட்டினால்தான் இலை ஆடும். அசைவது, அசையாமல் நிற்பது, நிறம், நிழல் எல்லாமே ஒருவர் யோசித்து எடுத்த முடிவுகள். அந்த முடிவுகளைக் கண்டுபிடித்து, அவை தொடருக்கு உதவுகின்றனவா என்று பார்ப்பதுதான் இங்கே வேலை.

1. தொடங்கும் முன் சரிசெய்ய வேண்டியவை

திரை: தொலைக்காட்சி அல்லது மடிக்கணினி. கைபேசி வேண்டாம். நாலு பேர் சேர்ந்து பார்க்க முடியாது, ஒவ்வொரு பிரேமாக, அதாவது அசைவை உண்டாக்கும் தனித்தனி நிலைப்படமாக, நகர்த்திப் பார்ப்பதும் கஷ்டம். மடிக்கணினியில் விஎல்சி என்ற வீடியோ ஓட்டும் மென்பொருளைப் போட்டுவைத்தால் போதும்.

புதிய தொலைக்காட்சிகளில் அசைவை வழவழப்பாக்கும் ஒரு வசதி இருக்கும். பட அமைப்புகளுக்குள் ‘மோஷன்’ என்ற பெயரோடு கிடக்கும். அதை நிறுத்திவிடுங்கள். ஓவியர்கள் வரைந்த இரண்டு படங்களுக்கு நடுவே தொலைக்காட்சி தானாக ஒரு படத்தை உண்டாக்கிச் செருகுகிறது. அது இயங்கும்வரை நீங்கள் பார்ப்பது அவர்களுடைய வேலை இல்லை. முதல் இரண்டு மாதம் இது தெரியாமல் பார்த்துவிட்டு, எல்லாத் தொடரும் ஒரே மாதிரி வழுக்கிக்கொண்டு போகிறதே என்று நினைத்தேன்.

அடுத்தது திரையின் அளவு. பழைய தொடர்கள் நாலுக்கு மூன்று என்ற அளவில் செய்யப்பட்டவை. அகலத் திரையில் அவற்றை இழுத்து நிரப்பினால் முகங்கள் எல்லாம் தட்டையாகி அகன்றுவிடும். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழுந்தால் அதுதான் சரி. "அக்கா, படம் முழுசா வரேல்ல" என்று யாராவது எழும்பி வந்து ரிமோட்டை அமர்த்துவார்கள். விடாதீர்கள்.

ஒலிக்குச் சின்னதாக ஒரு ஸ்பீக்கர் வேண்டும். படத்தை முதல்நாளே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் நெட் இழுபடும். நடுவில் வட்டம் சுற்றிக்கொண்டு நின்றால் காட்சியின் நேரக்கணக்கு குழம்பிவிடும். மாரி காலத்தில் மடிக்கணினியை முழுதாகச் சார்ஜ் ஏற்றிக் கொண்டுபோங்கள்.

அத்தியாயங்கள்: தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசிப் பக்கத்தில் ஒன்று என்று மூன்றைத் தெரிவுசெய்யுங்கள். எல்லோரும் புகழும் அத்தியாயத்தை முதலில் எடுக்காதீர்கள். கூடுதலான காசும் நேரமும் அதில்தான் போயிருக்கும். சாதாரணமான ஒரு அத்தியாயத்தை எப்படிச் செய்திருக்கிறார்கள் என்பதில்தான் தொடரின் தரம் தெரியும்.

முதல் தடவை செய்கிறவர்களுக்கு ‘ஷோன் த ஷீப்’ நல்ல தொடக்கம். 2007 இல் தொடங்கிய களிமண் பொம்மைத் தொடர். வசனமே கிடையாது. ஒவ்வொன்றும் ஏழு நிமிடம் அளவில்தான் வரும். மொழி குறுக்கே வராது, மூன்றையும் ஒரு பின்னேரத்திலேயே பார்த்துவிடலாம்.

2. முதல் முறை ஒன்றும் எழுதாமல் பாருங்கள்

கொப்பியை மூடிவையுங்கள். நிறுத்தாமல், விளக்கம் சொல்லாமல் ஒரு அத்தியாயத்தை முழுதாகப் பாருங்கள். முடிந்ததும் ஒவ்வொருவரும் ஒரே ஒரு வரி எழுதட்டும்: எந்த இடம் மனதில் நிற்கிறது? காரணம் வேண்டாம், இடம் மட்டும்.

அடுத்த படிகளில் நாங்கள் படத்தைப் பிய்த்துப் பிய்த்துப் பார்க்கப் போகிறோம். அதற்குப் பிறகு முதல் உணர்ச்சி திரும்பி வராது. அந்த ஒரு வரிதான் அதற்கு மிஞ்சும் சாட்சி. இதில் பிழைவிடுவது பெரும்பாலும் பெரியவர்கள்தான். நடுவிலேயே நிறுத்தி, "பாத்தீங்களோ பிள்ளையள்" என்று தொடங்கிவிடுவார்கள்.

3. ஒலியை நிறுத்திவிட்டு மூன்று நிமிடம்

அதே அத்தியாயத்தில் இரண்டு பேர் கதைக்கிற ஒரு காட்சியை எடுத்து, ஒலி இல்லாமல் போடுங்கள். யாருக்கு என்ன வேண்டும், யார் யாருக்குப் பயப்படுகிறார், எந்த இடத்தில் மனம் மாறுகிறது என்று கேளுங்கள். நல்ல தொடரில் இதில் பாதிக்கு மேல் உடம்பிலேயே தெரியும். ஒலி போனதும் வாய் மட்டும் திறந்து மூடுகிற பொம்மைகள் மிஞ்சினால், அந்தத் தொடரை வசனம்தான் தூக்கிக்கொண்டு போகிறது.

அடுத்து பாரம். யாராவது ஒரு பொருளைத் தூக்கும் காட்சியைத் தேடுங்கள். எங்கள் பிள்ளைகளுக்கு இதைப் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை. இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு நடந்தால் உடம்பு மற்றப் பக்கம் சரியும், வெறுங்கை விலகி நிற்கும், அடி குறுகும். திரையில் வாளி தூக்குகிறவரின் தோள் சரியாமல் நேராக இருந்தால் "வாளிக்குள்ள ஒண்டுமில்லை" என்று உடனே சொல்லிவிடுவார்கள்.

1974 இல் ஜப்பானில் வந்த ‘ஹைடி’ தொடரை இப்படிப் பார்த்தோம். சுவிஸ் மலையில் தாத்தாவோடு வாழும் ஒரு சிறுமியின் கதை. 52 அத்தியாயங்கள், இயக்கியவர் இசாவோ தகாஹாதா. காட்சிகளின் அமைப்பை வரைந்தவர் பின்னாளில் பெரும் பெயர் பெற்ற ஹயாவோ மியாசாகி. வேலை தொடங்கும் முன்பே குழுவினர் சுவிற்சர்லாந்துக்குப் போய் மலையையும் வீடுகளையும் நேரில் பார்த்து வந்தார்கள். இதையெல்லாம் நான் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லவில்லை. பின்னேரம் மாடு சாய்க்கப் போகிற ஒரு பொடியன் ஆடுகள் வரும் இடத்தில் முன்னுக்கு நகர்ந்து வந்தான். "அக்கா, இவை ஆட்டைப் பாத்துத்தான் கீறியிருக்கினம்" என்றான். எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஆடு எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பவில்லையாம், ஒன்று திரும்பின பிறகுதான் மற்றது திரும்புகிறதாம். அதற்குப் பிறகுதான் அந்தப் பயணத்தைப் பற்றிச் சொன்னேன்.

அதே தொடரில் தாத்தா நெருப்பில் சீஸ் வாட்டி, உருகியதைப் பாணில் போட்டுக் கொடுக்கும் காட்சி வரும். அப்படி ஒரு சீஸை எங்கள் பிள்ளைகளில் ஒருவரும் சாப்பிட்டதில்லை. ஆனாலும் ஒலி இல்லாமல் பார்த்தபோதே பசிக்கிறது என்றார்கள். திரும்பப் போட்டுப் பார்த்தோம். சீஸ் உடனே உருகவில்லை. முதலில் மினுங்குகிறது, பிறகு விளிம்பு தளர்கிறது, பிறகுதான் தொங்குகிறது. உருகுவதற்கு வேண்டிய நேரத்தைக் கொடுத்திருக்கிறார்கள். பசி அந்த நேரத்திலிருந்துதான் வருகிறது.

4. எங்கே செலவழித்தார்கள், எங்கே சேமித்தார்கள்

முழு வழிகாட்டியிலும் இந்தப் படிக்குத்தான் நேரம் கூடுதலாகப் போகும். போகட்டும். தொலைக்காட்சித் தொடரைப் புரிந்துகொள்வதற்கு இதுதான் திறப்பு.

முதலில் கணக்கு. ஒரு செக்கனுக்கு 24 பிரேம் என்று வையுங்கள். 22 நிமிட அத்தியாயத்துக்கு 31,680 பிரேம் வரும். ஒவ்வொன்றுக்கும் புதுப் படம் வரைய எந்தத் தொடருக்கும் காசும் கிடையாது, நாளும் கிடையாது. அதனால் ஒரே படத்தை இரண்டு பிரேமுக்கு வைத்திருப்பார்கள். அப்போது செக்கனுக்கு 12 படம். மூன்று பிரேமுக்கு வைத்தால் 8. பல காட்சிகளில் உடம்பை அப்படியே நிறுத்திவிட்டு வாயை மட்டும் அசைப்பார்கள். இப்படிச் சுருக்கிச் சுருக்கி, பல தொடர்கள் ஒரு அத்தியாயத்தைச் சில ஆயிரம் படங்களுக்குள் முடித்துவிடும்.

எண்ணும் முறை: விஎல்சியில் படத்தை நிறுத்திவிட்டு, விசைப்பலகையில் ஆங்கில ‘ஈ’ எழுத்தை அமர்த்துங்கள். ஒவ்வொரு அமர்த்தலுக்கும் ஒரு பிரேம் நகரும். 24 தடவை அமர்த்துங்கள். உருவம் மாறும் ஒவ்வொரு தடவையும் கொப்பியில் ஒரு கோடு போடுங்கள். இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் அமர்த்த, மற்றவர் கோடு போட.

இங்கே இரண்டு பிழைகள் திரும்பத் திரும்ப வரும். முதலாவது, கமெரா நகர்வதை உருவம் அசைவதாக எண்ணுவது. பின்னணி ஒவ்வொரு பிரேமிலும் வழுக்கிக்கொண்டு போகும், ஆள் அதே படமாகத்தான் இருப்பார். ஆளின் கையையோ தலைமுடியையோ மட்டும் பார்த்து எண்ணுங்கள். இரண்டாவது, வீடியோக் கோப்பின் பிரேம் வேகத்தை மாற்றியிருப்பார்கள். 25 ஆகவோ 30 ஆகவோ வந்தால் ஒரு படம் இடையில் கூடக்குறைய நிற்கும், கணக்கு இடிக்கும். சரியாக 12 வரவில்லையே என்று தலையை உடைக்காதீர்கள். கூடவா குறையவா என்று தெரிந்தால் போதும்.

எண்ணி முடிந்ததும் புதியவர்கள் ஒரு முடிவுக்குத் தாவுவார்கள்: கூடப் படம் என்றால் நல்ல தொடர், குறையப் படம் என்றால் மட்டம். இந்த நினைப்பை இந்தப் படியிலேயே உடைத்துவிட வேண்டும். கேட்க வேண்டிய கேள்வி வேறு. எந்த இடத்துக்காகச் சேமித்தார்கள்?

பழைய அமெரிக்கக் கார்ட்டூனில் வரும் யோகி கரடியின் கழுத்தில் ஒரு கொலரும் டையும் இருக்கும். அது அழகுக்கு மட்டும் போட்டதில்லை. தலையை அசைக்கும்போது உடம்பைத் திரும்ப வரையாமல் இருக்க வேண்டும். தலையும் உடம்பும் சேரும் இடத்தைக் கொலர் மறைத்துவிடுகிறது. இதைச் சொன்ன நாளிலிருந்து எங்கள் பிள்ளைகள் எந்தக் கார்ட்டூனைக் கண்டாலும் முதலில் கழுத்தைத்தான் பார்க்கிறார்கள். சேமிப்பே அந்தக் கரடிக்கு ஒரு அடையாளமாகிவிட்டது. நல்ல வேலை என்று நான் சொல்வது இதைத்தான்.

பெரிய பிள்ளைகளோடு பார்ப்பதானால் 1995 இல் வந்த ‘நியோன் ஜெனசிஸ் எவாஞ்சலியன்’ தொடரில் ஒரு மின்தூக்கிக் காட்சி உண்டு. இரண்டு பெண்கள் உள்ளே நிற்கிறார்கள். கிட்டத்தட்ட ஒன்றுமே அசையாமல், ஒரு சொல்லும் இல்லாமல், ஒரு நிமிடத்துக்குக் கிட்ட அப்படியே போகும். கணக்குப் பார்த்தால் மிச்சம் மிச்சமான சேமிப்பு. ஆனால் அந்த அசையாமையில் இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிற வெறுப்பு மூச்சு முட்டும் அளவுக்கு ஏறுகிறது. வேறொரு தொடர் காசு முடிந்ததால் படத்தை நிறுத்தியிருந்தால் எங்களுக்குச் சலிப்புத்தான் வந்திருக்கும். வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி: அசையாத அந்த நேரத்தில் உங்கள் மனம் என்ன செய்கிறது என்று கவனியுங்கள். அந்தப் பாத்திரத்தைப் பற்றி யோசித்தால் முடிவு சரியாக விழுந்திருக்கிறது. மணிக்கூட்டைப் பார்த்தால் விழவில்லை.

கடைசியாக, இரண்டாம் படியில் எழுதிய அந்த ஒரு வரியை எடுங்கள். மனதில் நின்ற அந்த இடத்தையும் எண்ணிப் பாருங்கள். பல தடவை அது ஒன்றில் படங்கள் திடீரென்று கூடிய இடமாக இருக்கும், அல்லது எல்லாம் நின்றுபோன இடமாக இருக்கும். பிள்ளைகள் இதைத் தாங்களாகவே கண்டுபிடிக்கும் நேரம் எனக்கு மிகவும் பிடித்தது.

5. நிழலும் நடையும்

ஒரு பாத்திரம் முழுதாகத் தெரியும் இடத்தில் நிறுத்தி, மெல்லிய தாளை வைத்து வெளிக்கோட்டை மட்டும் எடுத்து, உள்ளே கறுப்பால் நிரப்புங்கள். தொடரின் முக்கியமான ஐந்து பேரையும் அப்படிச் செய்து கலைத்துப் போடுங்கள். யார் யார் என்று தெரிகிறதா? தலைமுடியை மட்டும் வைத்துக் கண்டுபிடித்தால் பாதி வெற்றிதான். நிற்கிற விதத்தில் தெரிய வேண்டும்.

முல்லைத்தீவுப் பக்கம் கோவலன் கூத்துப் பார்த்தவர்களுக்கு இது புதிசில்லை. வரவு ஆட்டத்திலேயே வருகிறவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும், பாட்டு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அதே கண்ணோடு ‘அவதார்: த லாஸ்ட் ஏர்பெண்டர்’ தொடரைப் பாருங்கள். நீர், நிலம், நெருப்பு, காற்று என்று ஆளுக்கொன்றைத் தம் அசைவால் ஆட்டிவைக்கும் நாலு கூட்டத்தாருக்கும் நாலு வேறு சீனத் தற்காப்புக் கலைகளை அடிப்படையாக வைத்தார்கள். நீருக்குத் தாய்ச்சி, நிலத்துக்கு ஹுங் கா, நெருப்புக்கு வட ஷாவோலின், காற்றுக்குப் பாகுவா. இதற்கென்று ஒரு ஆசானையும் ஆலோசகராக வைத்திருந்தார்கள். நிறத்தை எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளையில் போட்டாலும், ஊன்றிய கால்களைப் பார்த்து யார் எந்தக் கூட்டம் என்று சொல்லலாம். நிலத்தார் குதிக்காலால் மண்ணை மிதித்து நிற்பார்கள், காற்றுக்காரர் ஒரு இடத்தில் நிற்கவே மாட்டார்.

6. பின்னணியும் நிறமும்

இங்கே வரும் பிழை ஒன்றே ஒன்றுதான்: விவரம் கூடினால் அழகு என்று நினைப்பது. ஒவ்வொரு இலையும் வரைந்த காடு கண்ணுக்கு நிறைவாக இருக்கும், ஆனால் ஆளை அதற்குள் தேட வேண்டி வரும். 2001 இல் தொடங்கிய ‘சாமுராய் ஜாக்’ தொடரில் உருவங்களைச் சுற்றிக் கறுப்புக் கோடு இல்லை. நிறத்தட்டுகள் மட்டும்தான். அதனால் ஆளும் நிலமும் ஒரே ஓவியமாகச் சேர்கின்றன, ஆனாலும் கண் ஆளைத் தவறவிடுவதில்லை.

செய்து பார்க்க ஒரு பயிற்சி. ஒரு பிள்ளைக்கு வெள்ளைத் தாளும் பென்சிலும், மற்றப் பிள்ளைக்குக் கறுப்புத் தாளும் கலர் வெண்கட்டியும் கொடுங்கள். இரண்டு பேரும் இரவில் குளக்கட்டை வரையட்டும். வெள்ளைத் தாளில் வரைகிறவர் இருட்டை நிரப்பிக் களைத்துப்போவார். கறுப்புத் தாளில் வரைகிறவர் வெளிச்சம் விழும் இடத்தை மட்டும்தான் யோசிக்க வேண்டும். 1992 இல் வந்த ‘பேட்மேன்’ அனிமேஷன் தொடரின் பின்னணிகளைக் கறுப்புத் தாளில்தான் தீட்டினார்கள். பயிற்சியைச் செய்துவிட்டு அந்தத் தொடரைப் பார்த்தால், அந்த நகரம் முழுக்க ஏன் இருட்டுக்குள் இருந்து எழும்பி வருவதுபோல் இருக்கிறது என்று விளக்கம் இல்லாமலே பிடிபடும்.

7. கண்ணை மூடிக் கேளுங்கள்

படத்தை மறைத்துவிட்டு ஒலியை மட்டும் போடுங்கள். இசை எங்கே நிற்கிறது என்று குறியுங்கள். தொடங்கும் இடத்தை எல்லோரும் கவனிப்பார்கள், நிற்கும் இடத்தை ஒருவரும் கவனிப்பதில்லை. நல்ல இயக்குநர் அமைதியைத்தான் மிகவும் யோசித்து வைத்திருப்பார்.

குரலுக்குப் ‘பிங்கு’ தொடரைப் போட்டுக் கேளுங்கள். அந்தப் பென்குயின்கள் பேசுவது எந்த ஊர் மொழியும் இல்லை, உண்டாக்கிய சத்தங்கள். ஆனாலும் கெஞ்சுவதும் கோபிப்பதும் பொய் சொல்வதும் தெளிவாகக் கேட்கும்.

தமிழ் டப்பிங்கில் பார்ப்பவர்கள் ஒரு அத்தியாயத்தை மூலமொழியிலும் கேளுங்கள். அமெரிக்கத் தொடர்களில் பெரும்பாலும் குரலை முதலில் பதிந்துவிட்டு அதற்கு வரைவார்கள். ஜப்பானில் பெரும்பாலும் படத்துக்குப் பிறகுதான் குரல். ஆகவே வாய் பொருந்தவில்லை என்று டப்பிங் செய்தவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. சுட்டி ரீவியில் வந்த ஜாக்கி சான் தொடரின் தமிழ் டப்பிங் அதற்கே ஒரு உயிர் கொடுத்தது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் விளையாட்டில் சண்டை பிடிக்கும்போது சென்னைத் தமிழ் கதைப்பது அதில் வந்த பழக்கம்தான்.

8. இப்போதுதான் கதை

கதையை ஏன் கடைசியில் வைத்தேன் என்று எல்லோரும் கேட்பார்கள். கதையில் தொடங்கினால் கதையிலேயே முடிந்துவிடும், வேறு எதையும் யாரும் பார்க்க மாட்டார்கள். அடுத்த பிழையும் அங்கேயே காத்திருக்கிறது: "நல்ல கருத்துச் சொல்லுது, அதால நல்ல தொடர்." நட்பு நல்லது, பொய் சொல்லக்கூடாது என்று சொல்லாத சிறுவர் தொடர் ஏது? அந்தக் கருத்தை எப்படிச் செய்து காட்டினார்கள் என்று கேளுங்கள்.

நீங்கள் தெரிவுசெய்த மூன்று அத்தியாயங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பாத்திரம் மாறியிருக்கிறதா? அந்த மாற்றம் வரைந்த உருவத்தில் தெரிகிறதா? ‘அவதார்’ 2005 முதல் 2008 வரை 61 அத்தியாயங்கள் ஓடியது. அதில் சூக்கோ என்ற இளவரசனின் தலைமுடியை மட்டும் பார்த்துக்கொண்டு போகலாம். முதலில் மழித்த தலையில் ஒரு குடுமி, பிறகு அதையும் அறுத்துவிடுகிறான், பிறகு கட்டையாக வளர்கிறது. வீட்டையும் பதவியையும் விட்டு அவன் எவ்வளவு தூரம் போய்விட்டான் என்று வசனம் இல்லாமலே அது சொல்லிக்கொண்டு வரும்.

அதே தொடரில் அவனுடைய பெரியப்பா ஐரோ ஒரு நாள் முழுக்க நகரத்தில் நடந்து திரியும் ஒரு சின்னப் பகுதி உண்டு. வழியில் அழுகிற ஒரு பிள்ளையைத் தேற்ற ஒரு பாட்டுப் பாடுகிறார். பிள்ளை சிரிக்கிறது. பொழுதுபடும் நேரம் ஒரு குன்றில் ஏறி, போரில் செத்துப்போன தன் மகனின் படத்தை வைத்து, அதே பாட்டைப் பாடுகிறார். குரல் உடைகிறது. எங்கள் வாசிகசாலையில் இதைப் போட்ட நாளில், அந்தப் படம் யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. மாலை போட்ட படங்களுக்கு முன்னால் அம்மம்மாமார் விளக்கு ஏற்றுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள்.

அழுகை வந்தது என்பதோடு நிறுத்தாதீர்கள், திரும்பப் போய்ப் பாருங்கள் என்று அடுத்த கிழமை சொன்னேன். போய்ப் பார்த்தோம். பாட்டு முதலில் வேறொருவருடைய பிள்ளைக்காக, சும்மா ஒரு விளையாட்டாக வருகிறது. அப்போது எங்களுக்கு அது ஒரு இனிமையான மெட்டு மட்டும்தான். அன்று முழுக்க அவர் எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் ஒரு தகப்பன் செய்வதையே செய்துகொண்டு வந்திருக்கிறார் என்பது கடைசிக் காட்சிக்குப் பிறகுதான் தெரிகிறது. அழ வைத்தது சோகம் மட்டும் இல்லை, அந்த வரிசை.

எல்லாம் முடிந்ததும் கொப்பியில் மூன்று வசனங்கள் எழுதுங்கள். "அனிமேஷன் சூப்பர்" என்று எழுதினால் அழித்துவிட்டுத் திரும்ப எழுதுங்கள். முதல் வசனத்தில் திரையில் கண்டது, இரண்டாவதில் அதற்குப் பின்னால் இருக்கும் முடிவு, மூன்றாவதில் அது உங்களுக்கு என்ன செய்தது. எங்கள் பிள்ளை ஒருத்தி ‘ஹைடி’ பற்றி எழுதியது இது: "சீஸ் மெதுவாக உருகியது. அவர்கள் அவசரப்படவில்லை. எனக்குத் தாத்தாவில் நம்பிக்கை வந்தது."

ஒரு மாதம் விட்டு, அதே அத்தியாயத்தைத் திரும்பவும் ஒன்றும் எழுதாமல் முழுதாகப் பாருங்கள். பிறகு கொப்பியைத் திறந்து, முதல் நாள் எழுதிய அந்த ஒரு வரிக்குக் கீழே இப்போது எந்த இடம் மனதில் நிற்கிறது என்று எழுதுங்கள். இடம் மாறியிருந்தால், அந்தப் புது இடத்திலிருந்து மூன்றாம் படியை மறுபடி தொடங்குங்கள்.